கரண்டுக்குப் போட்டியா, திட்டமா? தென்னாப்பிரிக்காவின் முன் இருக்கும் மூன்று வழிகள்

மின்துறைச் சீர்திருத்தம் என்றாலே "தனியாருக்கு விடலாமா, அரசே வைத்துக்கொள்ளலாமா" என்ற வாக்குவாதம்தான் டர்பனில் நடக்கிறது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வரிசெலுத்துவோர் கூட்டங்களில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசுகிறார்கள். ஆனால் 2025 ஜனவரி 1 இல் மின் ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மின் உற்பத்தியில் போட்டிச் சந்தை வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எந்த வகை நிலையம் எத்தனை மெகாவாட் வேண்டும் என்று தீர்மானித்துக் கொள்முதல் செய்யும் அதிகாரத்தை அதே சட்டம் அமைச்சரிடமும் விட்டுவைத்திருக்கிறது. இனி எதைப் போட்டிக்கு விடுவது, எதைத் திட்டத்தில் வைப்பது என்று பிரிக்கும் வேலைதான் மிச்சம்.

அதைப் பிரிக்க உதவும் அளவுகோல் ஒன்று உண்டு. கணக்குத் தப்பினால் நஷ்டம் யார் தலையில் விழும்? ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

முதல் வழி: எல்லாமே திட்டம், வாங்குபவர் ஒருவர்

அரசு மின் நிறுவனமான எஸ்காம் அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படித்தான் இயங்கியது. உற்பத்தி, கோபுரப் பாதை, மொத்த விற்பனை எல்லாம் ஒரே கையில். இதற்கு உண்மையான பலம் உண்டு. அரசு உத்தரவாதம் இருப்பதால் வட்டி குறையும். அறுபது ஆண்டு ஓடக்கூடிய கூபர்க் அணுமின் நிலையம் போன்றவற்றைத் தனியார் முதலீட்டாளர் சொந்தத் துணிவில் கட்ட மாட்டார். எந்த நிலையத்தை எங்கே வைத்தால் கம்பிச் செலவு குறையும் என்பதை ஒரே மேசையில் பார்க்கலாம்.

இந்த வழி தப்பும் இடம் தேவையின் கணிப்பு. 2007 இல் மெடூபி, 2008 இல் குசிலே என இரண்டு நிலக்கரி நிலையங்கள் தொடங்கின. ஒவ்வொரு நிலையத்திலும் ஆறு உற்பத்தி யூனிட், ஒவ்வொரு நிலையமும் 4,800 மெகாவாட் அளவு. மெடூபியின் கடைசி யூனிட் வணிக ஓட்டத்துக்கு வந்தது 2021 ஜூலை 31 அன்று. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 8 இரவில், அதே நிலையத்தின் நான்காம் யூனிட் ஜெனரேட்டர் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதறியது. குசிலேயின் கடைசி யூனிட் 2025 இல்தான் வணிக ஓட்டத்துக்கு வந்தது. இதற்கிடையில் நாட்டின் மின் விற்பனை, 2007 வாக்கில் போட்ட வளர்ச்சிக் கணக்குக்கு நேர்மாறாக, இறங்கிக்கொண்டே வந்தது. சந்தையில் இப்படித் தப்பினால் முதலீட்டாளர் திவாலாவார். இங்கே அது கடனாகி, கடன் கட்டணமாகி, கடைசியில் வரிப்பணமாக வந்து நின்றது. 2023 பிப்ரவரியில் எஸ்காமின் கடனில் 25,400 கோடி ராண்டை ஏற்பதாகக் கருவூலம் அறிவித்தது.

அரசு திட்டம் போட்டதால்தான் 2007 இறுதியில் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) தொடங்கியது என்று சிலர் சொல்வது சரியல்ல. 1998 டிசம்பரில் வந்த எரிசக்திக் கொள்கை வெள்ளையறிக்கையே 2007 வாக்கில் உபரி தீர்ந்துவிடும் என்று எச்சரித்தது. புதிய நிலையம் கட்ட எஸ்காமுக்கு அப்போது தடை இருந்தது, ஏனென்றால் தனியார் வந்து கட்டுவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. எஸ்காம் விற்ற விலையோ புது நிலையத்தின் செலவுக்குக் கட்டாது. அந்த விலையில் யார் வருவார்? திட்டத்தை நிறுத்திவிட்டார்கள், சந்தையைத் திறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்ற ஆண்டுகள்தான் நாட்டை இருட்டில் தள்ளின. இன்றைய சீர்திருத்தத்திலும் பயப்பட வேண்டியது அந்த அந்தர நிலைக்குத்தான்.

திட்டத்துக்குள் போட்டி: ஏலம் கற்றுத்தந்தது

2011 இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க மின் ஏலத்தைத் தனி வழியாக எண்ணத் தேவையில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் மிகப் பயனுள்ள பாடம் அதில்தான் கிடைக்கிறது. எவ்வளவு வாங்குவது என்பதை அரசு தீர்மானிக்கிறது, யாரிடம் என்ன விலைக்கு என்பதை ஏலம் தீர்மானிக்கிறது. வென்றவருக்கு 20 ஆண்டு ஒப்பந்தம், பின்னால் அரசின் உத்தரவாதம். முதல் சுற்றில் சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, 2 ராண்ட் 75 சென்ட் அளவில் இருந்தது. 2021 இன் ஐந்தாம் சுற்றில் காற்றும் சூரியனும் சேர்ந்த சராசரி 47 சென்ட். பேரம் பேசி எந்த அமைச்சகமும் இந்த இறக்கத்தைக் கண்டிருக்காது.

ஏலம் மூன்று இடங்களில் தடுக்கி விழுந்தது. முதலாவது, வாங்குபவரின் விருப்பம். நான்காம் சுற்றில் வென்றவர்களும் அதை ஒட்டித் தேர்வானவர்களுமாக 27 திட்டங்களுக்கு எஸ்காம் ஆண்டுக்கணக்கில் கையெழுத்துப் போடவில்லை. 2018 ஏப்ரலில்தான் அவை கையெழுத்தாயின. தன் நிலையத்தோடு போட்டியிடும் ஆளிடம் சரக்கு வாங்கச் சொன்னால் இப்படித்தான் நடக்கும். இரண்டாவது, மிகக் குறைந்த விலை. ஐந்தாம் சுற்றில் கேட்ட விலைக்குக் கட்ட முடியாமல் பல திட்டங்கள் வங்கிக் கடன் முடிவாகும் கட்டத்தைத் தாண்டவில்லை. உருக்கு, கப்பல் கட்டணம், வட்டி எல்லாம் ஏலத்துக்குப் பிறகு ஏறிவிட்டன. மூன்றாவதுதான் பெரிது, அது கம்பி. 2022 இறுதியில் ஆறாம் சுற்று முடிந்தபோது காற்றாலைத் திட்டம் ஒன்றுகூடத் தேர்வாகவில்லை. காற்று நன்றாக வீசும் கேப் மாகாணங்களில் மின்பாதையில் இடமே இல்லை.

சூரிய மின் நிலையத்தை ஒன்றரை, இரண்டு ஆண்டில் கட்டிவிடலாம். 400 கிலோவோல்ட் பாதை ஒன்றுக்கு நில உரிமை, சுற்றுச்சூழல் அனுமதி, கோபுரம், மின்மாற்றி எல்லாம் சேர்த்து ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். மின்மாற்றியை ஆர்டர் கொடுத்துவிட்டு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். பத்தாண்டில் 14,000 கிலோமீட்டருக்கு மேல் புதுப் பாதை தேவை என்கிறது தேசியப் பாதைத் திட்டம். இப்போது இருப்பதே சுமார் 33,000 கிலோமீட்டர்தான். போட்டியாளர்கள் வரும் முன்பே பாதை போட்டாக வேண்டும் என்பதால், பாதையைச் சந்தையின் விலைக் குறிப்புக்குக் காத்திருக்க வைக்க முடியாது. இங்கே திட்டம்தான் வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதை கட்டும் குத்தகையைத் தனியாருக்கு ஏலம் விடலாம், அந்த ஏற்பாட்டை அரசு தொடங்கியும் இருக்கிறது. எங்கே போடுவது என்ற முடிவு பொது நிறுவனத்திடம் இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி: முழுச் சந்தை

நாளைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உற்பத்தியாளர்கள் இன்றே விலை கேட்பார்கள். சந்தை நடத்துபவர் மலிவானதிலிருந்து வரிசைப்படுத்தி, தேவை நிரம்பும்வரை எடுப்பார். கடைசியாக எடுத்த யூனிட்டின் விலையே அந்த மணி நேரத்தில் எல்லாருக்கும் கிடைக்கும். சொன்ன அளவு தராதவர் வித்தியாசத்துக்குப் பணம் கட்டுவார். காலையில் உடைந்துபோன யூனிட்டின் நஷ்டம் அதன் உரிமையாளருக்கே போகும் என்பதால் பராமரிப்பில் கண் இருக்கும். நிலையங்களின் கிடைப்பு விகிதம் (மொத்தத் திறனில் ஓடத் தயாராக இருந்த பங்கு) 2023 இல் 55 சதவீதத்துக்குக் கீழே விழுந்து கிடந்த நாட்டுக்கு இது சின்ன லாபமல்ல.

ஆனால் இந்த நாட்டில் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதியை ஒரே நிறுவனம் தயாரிக்கிறது. அந்த நிலையில் முழுச் சந்தை என்ன செய்யும் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜூலை மாத மாலை ஏழு மணி, தேவை 30,000 மெகாவாட். காற்றும் நீரும் 3,200, அணுமின் 1,800, நிலக்கரி 25,000. கடைசி நிலக்கரி யூனிட் கேட்கும் விலை 80 சென்ட். எல்லாருக்கும் 80 சென்ட், தேவையும் சரியாக நிரம்பிவிட்டது. இப்போது நிலக்கரி உரிமையாளர் 1,200 மெகாவாட்டை "பழுது" என்று நிறுத்துகிறார். அந்த இடத்தை யூனிட்டுக்கு 6 ராண்ட் ஆகும் டீசல் டர்பைன் நிரப்புகிறது. விலை எல்லாருக்கும் 6 ராண்ட். மிச்சமுள்ள 23,800 மெகாவாட் நிலக்கரியில் யூனிட்டுக்கு 5 ராண்ட் 20 சென்ட் கூடுதல். ஒரே மணி நேரத்தில் 12 கோடி ராண்டுக்கு மேல். 1,200 மெகாவாட்டை நிறுத்தியதில் இழந்தது, எரிபொருள் 50 சென்ட் என்று வைத்தால், 3.6 லட்சம் ராண்ட்தான்.

பேராசை பிடித்த ஆளாக இருந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. 1990 இல் இங்கிலாந்து தன் அரசு மின் வாரியத்தைப் பிரித்துச் சந்தையைத் தொடங்கியபோது, நிலக்கரி நிலையங்கள் இரண்டே நிறுவனங்களிடம் போயின. சந்தை விலையைப் பெரும்பாலான நேரம் அந்த இரண்டுமே நிர்ணயித்தன. நிலையங்களை விற்கும்படி கட்டுப்பாட்டாளர் நெருக்க வேண்டியிருந்தது. 2001 இல் சந்தை அமைப்பையே மாற்றினார்கள். 2000-2001 கலிஃபோர்னியாவில் மொத்த விலை கட்டவிழ்ந்தது, சில்லறை விலையோ பூட்டப்பட்டிருந்தது. நடுவில் சிக்கிய விநியோக நிறுவனங்களில் மிகப் பெரியது திவால் மனு கொடுத்தது. 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸில் விலை, மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்ச வரம்பில் நாள்கணக்கில் நின்றது. விலை எவ்வளவு ஏறியும் உறைந்த எரிவாயுக் குழாயிலிருந்து மின்சாரம் வரவில்லை.

கலிஃபோர்னியாவின் கதை நமக்கு மிக நெருக்கம். இங்கே அந்த நடு இடத்தில் இருப்பவை நகராட்சிகள். டர்பனின் எத்தெக்வினி போன்ற நகராட்சி எஸ்காமிடம் மொத்தமாக வாங்கி வீடுகளுக்கு விற்கிறது. நகராட்சிகள் எஸ்காமுக்கு வைத்திருக்கும் நிலுவை 2025 மார்ச்சில் 9,000 கோடி ராண்டைத் தாண்டியிருந்தது. சந்தையில் வாங்குபவர் முன்கூட்டியே பிணையத்தொகை கட்ட வேண்டும். பழைய பாக்கியைத் தீர்க்க முடியாத நகராட்சி எதைக் கட்டும்?

ஊரில் உறவுள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டின் அனுபவம் தெரிந்திருக்கும். மின் வாரியத்தை 2010 இல் இரண்டாகப் பிரித்தார்கள். கம்பி ஒரு நிறுவனம், உற்பத்தியும் விநியோகமும் இன்னொன்று. பிரித்ததால் மட்டும் நஷ்டம் நிற்கவில்லை. 2017 இல் கடனின் ஒரு பகுதியை மாநில அரசே ஏற்க வேண்டி வந்தது. விற்ற மின்சாரத்துக்குச் செலவு ஈடாகாத வரை பெயர்ப்பலகையை எத்தனை தடவை மாற்றினாலும் பள்ளம் தூராது.

மூன்றாம் வழி: திட்டமிட்ட எலும்புக்கூடு, நடுவில் சந்தை

தென்னாப்பிரிக்கா போகும் பாதை இதுவே, என் தேர்வும் இதுவே. அதன் உறுப்புகள் சரியான வரிசையில் பொருந்தாவிட்டால் இதுவும் முன்சொன்ன அந்தரத்தில் போய் நிற்கும்.

முதலில் கம்பி. எஸ்காமுக்குள்ளிருந்து பிரிந்த தேசிய மின்கடத்தல் நிறுவனம் 2024 ஜூலை 1 முதல் தனியாக இயங்குகிறது. ஆனாலும் அது எஸ்காமின் துணை நிறுவனம்தான். ஐந்தாண்டுக்குள் சுதந்திரமான இயக்குநர் அமைப்பு வேண்டும் என்கிறது சட்டம். யாருக்குப் பாதை இணைப்பு, யாருடைய யூனிட்டை எப்போது குறைக்கச் சொல்வது என்ற முடிவுகளை எடுப்பவருக்கு எந்த நிலையத்திலும் பங்கு இருக்கக் கூடாது. மூன்றாம் வழியின் உயிர் இதில் இருக்கிறது. இதைத் தள்ளிப்போட்டால் நான்காம் சுற்றின் 27 திட்டங்களுக்கு நேர்ந்தது மறுபடி நடக்கும்.

அடுத்தது முன்விலை ஒப்பந்தம். மேலே போட்ட கணக்குக்கே திரும்புவோம். 25,000 மெகாவாட் நிலக்கரியில் 95 சதவீதத்துக்கு, அதாவது 23,750 க்கு, விலை முன்பே நிச்சயிக்கப்பட்டுவிட்டது என்று வைப்போம். 1,200 ஐ நிறுத்தினால் அவர் விற்கும் 23,800 இல் வெறும் 50 மெகாவாட்டுக்குத்தான் 6 ராண்ட் கிடைக்கும். கூடுதல் 2.6 லட்சம், இழப்பு 3.6 லட்சம். நிறுத்துவதில் லாபமில்லை. எஸ்காம் நிலையங்களை விற்காமலே அதன் சந்தை பலத்தைக் கட்டிப்போட இதைவிட எளிய கருவி இல்லை. ஒப்பந்த அளவை எப்போது, எவ்வளவு குறைப்பது என்ற அட்டவணை வெளிப்படையாக இருக்க வேண்டும். புதுப் போட்டியாளர்கள் வரும் வேகத்துக்கு முன்னால் அதைக் குறைத்துவிட்டால் பழைய ஆட்டம் திரும்பிவிடும்.

பிறகு காப்பு மின்திறன். ஆண்டில் சில நூறு மணி நேரமே ஓடும் டர்பைனையோ பேட்டரியையோ மணி விலையை மட்டும் நம்பி யாரும் கட்ட மாட்டார்கள். கட்ட வைக்க வேண்டுமானால் டெக்சாஸ் போல விலை வரம்பை வானத்துக்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தயாராக நிற்பதற்கே தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். வீடுகள் தாங்கும் நிலையில் இல்லாத நாட்டில் இரண்டாவதே சரி. எத்தனை மெகாவாட் காப்பு வேண்டும் என்பது திட்டம், அதை யார் மலிவாகத் தருவார் என்பது ஏலம்.

திட்டத்தின் பக்கம் ஒரு கட்டுப்பாடும் வேண்டும். 2010 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளத் திட்டத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதாகச் சொன்னார்கள். அடுத்தது வந்தது 2019 அக்டோபரில், அதற்கடுத்தது 2025 அக்டோபரில். இதற்கிடையில் 2021 இல் உரிம வரம்பு 1 மெகாவாட்டிலிருந்து 100 க்கு உயர்ந்தது, 2023 இல் வரம்பே நீங்கியது. 2023 நடுப்பகுதிக்குள் கூரைச் சூரிய மின்சாரம் மட்டும் 4,400 மெகாவாட்டை எட்டிவிட்டது. இவ்வளவு வேகத்தைத் திட்டம் எதிர்பார்த்திருக்கவில்லை. 2025 திட்டம் 5,200 மெகாவாட் அணுமின்சாரத்தையும் 6,000 மெகாவாட் எரிவாயுவையும் சேர்க்கச் சொல்கிறது. அமைச்சர் உத்தரவாதத்தோடு இவற்றை வாங்கிக் குவித்துவிட்டால் சந்தையில் போட்டியிட இடமே மிஞ்சாது, தேவை வராவிட்டால் நஷ்டம் மறுபடி கட்டணத்தில் ஏறும். இப்படிப்பட்ட பெரிய, நீண்டகாலக் கொள்முதலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் தேவைக் கணிப்பைத் திருத்தியாக வேண்டும் என்ற நிபந்தனை அவசியம்.

வீட்டு மீட்டருக்கு இதெல்லாம் எப்படி வந்து சேரும்

சந்தை வந்தால் பெரிய ஆலைகளும் வணிக வளாகங்களும் வர்த்தகரிடம் நேரடியாக வாங்கி, நகராட்சிக் கம்பி வழியாகக் கொண்டுவந்துகொள்ளும். கம்பி வாடகை மட்டும் நகராட்சிக்கு வரும், மின்சாரத்தின் மேல் வைத்த லாபம் போய்விடும். ஏழை வீடுகளுக்குக் கொடுக்கும் சலுகையைத் தாங்குவதில் அந்த லாபத்துக்கும் பங்கு உண்டு. எனவே கம்பி வாடகை உண்மைச் செலவைக் காட்டுவதாகவும், சலுகைக்கான பங்கு வெளியேறிப் போகிறவருக்கும் பொருந்தும் தனிக் கட்டணமாகவும் இருக்க வேண்டும்.

எஸ்காம் 2025 ஏப்ரலில் தன் கட்டணத்தை இப்படிப் பிரிக்கத் தொடங்கிவிட்டது. உற்பத்தித் திறனுக்கு என்று ஒரு நிலைக் கட்டணம் வந்தது, யூனிட் விலை அதற்கேற்பக் குறைந்தது. குளிர்கால உச்ச நேர விலை, மந்த நேர விலையைப் போல 8 மடங்கு இருந்தது 6 மடங்காகியது. காலை உச்ச நேரம் 2 மணி நேரமாகச் சுருங்கி, மாலை உச்ச நேரம் 3 மணி நேரமாக நீண்டது. நேரக் கட்டணத்தில் இருக்கும் மசாலா மில் அரைக்கும் வேலையை உச்ச நேரத்துக்கு வெளியே தள்ளிவைத்தால் லாபம். கூரையில் தகடு போட்டு யூனிட்டைக் குறைத்த வீட்டுக்கு நிலைக் கட்டணம் சுமை. மாதம் 80 யூனிட் எரிக்கும் பாட்டி வீட்டுக்கு அது இன்னும் சுமை. 2003 இல் வந்த மாதம் 50 யூனிட் இலவசம் யூனிட்டுக்கு மட்டும்தான். நிலைக் கட்டணத்துக்கும் அது பொருந்துமா என்பதை யாரும் கேட்காவிட்டால் தானாக யாரும் சேர்க்க மாட்டார்கள்.

வசூலும் இதோடு சேர்ந்ததே. 2024 நவம்பர் 24 க்குள் எல்லா ப்ரீபெய்ட் மீட்டரிலும் இரண்டு 20 இலக்க எண்களை அடித்து மறுகுறியீடு செய்ய வேண்டியிருந்தது. செய்யாத மீட்டர் புதிய டோக்கனை ஏற்காது. கெடு நெருங்கியபோது நாடு முழுவதும் லட்சக்கணக்கான மீட்டர்கள் மாற்றப்படாமல் கிடந்தன. அவற்றில் பலவற்றில் மாதக்கணக்காக டோக்கனே வாங்கியிருக்கவில்லை. எந்தத் தெருவில் கரண்ட் எரிகிறது, பணம் வரவில்லை என்பதை அந்தப் பட்டியல் அப்படியே காட்டிக்கொடுத்தது. சந்தைக்குள் போகும் முன் ஒவ்வொரு நகராட்சியும் அதைக் கையில் எடுத்துத் துணைமின் நிலையம்வாரியாக இழப்பைக் கணக்கிட வேண்டும்.

கருத்துச் சொல்லக் காலம் குறுகியது. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 இல் தொடங்குகிறது. வரைவு நிதிநிலையை மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைத்தாக வேண்டும், பொதுமக்கள் கருத்துக்கு ஏப்ரல், மே. சங்கங்கள் எழுதும்போது "விலையைக் கூட்டாதே" என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல் நான்கு எண்களைக் கேட்கட்டும்: கம்பிப் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, வாங்கிய யூனிட்டுக்கும் விற்ற யூனிட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, கம்பி வாடகையில் (வீலிங்) சலுகைப் பங்கு எவ்வளவு, 50 யூனிட் இலவசம் பெறும் வீட்டுக்கு நிலைக் கட்டணம் எவ்வளவு. அதே கடிதத்தின் நகலைக் கட்டுப்பாட்டு ஆணையமான நெர்சாவுக்கும் அனுப்பலாம். நகராட்சியின் கட்டணம் அதன் ஒப்புதல் இல்லாமல் ஜூலையில் நடைமுறைக்கு வராது.